ஆடிக் காற்றுக்குச் சேர வேண்டிய நன்றி

அக்கா,

இன்று காலை வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தால் எதிர்வீடு தெரியவில்லை. அப்படி ஒரு பனி. அதோடு விறகுப் புகை வாடை. எங்கள் சூளை இல்லை, தொழிற்பேட்டையில் வேறு யாரோ பற்றவைத்திருக்கிறார்கள். தொண்டை கரகரத்ததும் உங்கள் நினைவு வந்துவிட்டது. நீங்கள் கண்ணை மூடி இன்னும் முழுசாக ஒரு மாதம் ஆகவில்லை.

சேலம் ரயில் பாதையை அகலப்படுத்திக்கொண்டிருந்த சமயத்தில், அந்த வேலைக்கு வந்த உங்கள் வீட்டுக்காரரோடு எங்கள் தெருவுக்குக் குடிவந்தீர்கள். எங்கள் பீங்கான் பட்டறைக்கு நேர் மேற்கே உங்கள் வீடு. உங்களுக்கு மூச்சிழுப்பு இருந்தது. ஆனாலும் பாடுவீர்கள். சமைத்துக்கொண்டே நீங்கள் பாடினால், டீக்கப்புக்குக் கைப்பிடி ஒட்டுகிற எங்கள் பட்டறைப் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

அந்தக் கோடையில் ஒருநாள் கொடியில் காய்ந்த துணியை உதறிக்கொண்டே கேட்டீர்கள். "தப்பா எடுத்துக்காதம்மா. புகை நேரா எங்க வூட்டுக்குள்ளதான் வருது. உன் வூட்டுக்காரர்கிட்ட சொல்லிப் பாக்குறியா?"

அன்றே சொன்னேன். "விறகை எரிச்சா புகை வராம என்ன வரும்? ஆர்டர் நிக்குது" என்றார் அவர். அதோடு சரி. சூளை எப்போதும்போல விடிகாலையில் எரிந்தது.

ஆடி பிறந்ததும் மேல்காற்று கிளம்பியது. எங்கள் புகை முழுக்கக் கிழக்கே கரும்புக் கொல்லைப் பக்கம் போய்விட்டது. நீங்கள் பாதிப் பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றீர்கள். "உன் வூட்டுக்காரர் மனசு யாருக்கு வரும்! ராத்திரி நல்லா தூங்குறேன் தெரியுமா?"

"நாங்க ஒண்ணும் பண்ணலைக்கா. காத்துதான் திரும்பியிருக்குது" என்றேன்.

"போம்மா, செஞ்சதைச் சொல்லிக்கவும் கூச்சமா?" என்று சிரித்தீர்கள்.

தெரு முழுக்க அதையே சொன்னீர்கள். மளிகைக் கடைக்காரர் என் கணவரைப் பாராட்டியபோது அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். எனக்கு அந்தக் கடைக்குப் போகவே கூசியது. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஓடு, வேப்பிலை, மதில் என எல்லாவற்றிலும் படிந்திருந்த தூசியைக் கழுவி இறக்கிவிட்டது. அதற்கும் எங்களைத்தான் வாழ்த்தினீர்கள்.

பிறகு மார்கழி வந்தது. மழை நின்றது, காற்றும் நின்றது. விடிகாலையில் சூளைப் புகை கொஞ்சம் எழும்பும், அதற்குமேல் போக வழியில்லாததுபோல மடங்கி, கூரைகளின் மேலேயே படுத்துக்கொள்ளும். வெயில் ஏறித் தரை சுடும்வரை அசையாது. பொங்கலுக்கு அனுப்ப வேண்டிய சரக்கு இருந்ததால் தினமும் சூளை போட்டோம்.

கிறிஸ்துமஸ் காலை ஆராதனைக்கு எங்கள் இருவரையும் நீங்களே வந்து அழைத்தீர்கள். புதுப் புடவையில் முன்னால் நின்று பாட்டைத் தொடங்கினீர்கள். இரண்டாவது அடியில் இருமல் வந்தது. மறுபடி தொடங்கினீர்கள், மறுபடியும் இருமல். பக்கத்தில் நின்ற பெண் பாட்டை வாங்கிக்கொள்ள, நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனீர்கள்.

பின்னாலேயே ஓடி வந்தோம். தேவாலயப் படியிலிருந்து பார்த்தால் எங்கள் தெரு தெரியும். வீடுகளின் மேல் சாம்பல் நிறத்தில் புகை பரந்து கிடந்தது. நீங்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"ஒரு இலைகூட ஆடலை பாரு" என்றீர்கள். பிறகு மெதுவாக, "அப்போ ஆடியில..." என்று தொடங்கி என் முகத்தைப் பார்த்தீர்கள். அந்தக் கேள்வியை முடிக்கவில்லை. என் கையைப் பிடித்து, "உள்ள போங்க, கேக் கொடுப்பாங்க" என்றீர்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

என் கணவர் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் வேலையாட்களிடம், "இனிமே வெயில் ஏறுனப்புறம்தான் சூளை பத்த வைக்கணும்" என்றார். பற்றவைக்கும்போதுதான் புகை அதிகம். உச்சி நேரத்தில் அது தடையில்லாமல் மேலே ஏறிப் போனது. சரக்கு தாமதமாகப் போனது, அவ்வளவுதான். மதியத்துக்கு மாற்ற எங்களுக்கு வேறு ஒன்றுமே தேவைப்படவில்லை; நீங்கள் கேட்ட அன்றே மாற்றியிருக்கலாம். உங்களுக்கு இருமல் அடங்கத் தை கழிந்தது. மாசியில் உங்கள் வீட்டுக்காரருக்கு மாற்றல் வந்துவிட்டது.

பல வருஷம் கழித்து, உங்கள் அடக்கத்துக்குத்தான் பெண்ணாடம் வந்திருந்தேன். மாரடைப்பு என்றார்கள். உங்கள் வீட்டுக்காரர் என்னைக் கூட்டிக்கொண்டுபோய் உறவுக்காரர்கள் முன்னால் நிறுத்தினார். "இவங்கதான். அவளுக்கு மூச்சு வாங்குதுன்னு சூளையையே மதியத்துக்கு மாத்துனவங்க. கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தா."

ஆடியில் திரும்பியது காற்று மட்டும்தான் என்று அந்தப் படியில் நின்று கண்டுகொண்டதை நீங்கள் அவரிடம்கூடச் சொல்லவில்லை. கூட்டத்திலிருந்த வயதான பெண்மணி ஒருவர், உங்கள் அம்மாவாக இருக்கலாம், எழுந்து என்னைக் கும்பிட்டார். பதிலுக்குக் கும்பிட என் கை எழவில்லை, அக்கா.