ஆலங்கிணறு குளத்து மீன்களை உயிரோடு சோதிக்கக் கோரும் மனு

அனுப்புநர்
ஞா. தேவபிரசாதம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
ஆலங்கிணறு, நாசரேத் வழி,
திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்
மீன்துறை உதவி இயக்குநர் அவர்கள்,
தூத்துக்குடி.

பொருள்: ஊராட்சிக் குளத்து மீன்கள் சாவது நஞ்சினாலா, நோயினாலா எனக் கண்டறிய வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் குளத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கட்லா, ரோகு வளர்க்கிறார் திரு. ராஜதுரை. கரைக்குக் கீழே வாழை போட்டிருக்கும் செண்பகம் என்ற விதவை, பூச்சிமருந்து கலந்து மீன்களைக் கொன்றதாக அவர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறார். நாளை மறுநாள் விசாரணை. "பள்ளத்துல அடிச்ச மருந்து கரை ஏறியா குளத்துக்குப் போவும், சார்வாள்?" என்று அந்த அம்மாள் கேட்கிறார்.

2. மதிய உணவில் நஞ்சு கலந்தால் பள்ளி முழுவதும் ஒரே நேரத்தில் விழும். அம்மை என்றால் ஒரு பெஞ்சிலிருந்து அடுத்த பெஞ்சுக்குப் போகும். இங்கே மீன்கள் தினமும் சில சிலவாகத்தான் மிதக்கின்றன. செதில் உதிர்ந்து சிவந்த புண், அழுகிய வால், பிதுங்கிய கண், நீர் கோத்த வயிறு. தவளைகளுக்கு ஒன்றுமில்லை. செத்த மீனைத் தின்ற கொக்குகளும் மறுநாள் வந்து நிற்கின்றன.

3. திரு. ராஜதுரை தங்கள் அலுவலகத்துக்கு மீன் அனுப்பியது உண்மை. ஆனால் செத்த மீனைக் கருவாட்டுக்குப் போடுவதுபோல் உப்பிட்டு, ஓலைப்பெட்டியில் அனுப்பினார். அதில் நோய்க்கிருமியை அறிய இயலாது என்று தாங்கள் எழுதிய பதிலை, நோய் இல்லை என்று ஊருக்குப் படித்துக் காட்டுகிறார். கடற்கரை ஊர்க்காரரான அவர் பழக்கத்தில் செய்த பிழை என்றே முதலில் எண்ணினேன்.

4. பின்னர், மருந்துக்கடை வைத்திருக்கும் என் பழைய மாணவன் இன்பமணி, "ராஜதுரை அண்ணாச்சி போன மாசமே மீன் புண்ணுக்குன்னு பெர்மாங்கனேட் வாங்கிட்டுப் போனாவளே" என்றான். அப்படியானால் நோய் என்பது அவருக்கு முன்பே தெரியும். செண்பகத்தின் தோட்டத்தை அவர் பலமுறை விலைக்குக் கேட்டு, அந்த அம்மாள் மறுத்தார் என்பதையும் தங்கள் கவனத்துக்கு வைக்கிறேன். இப்போது இன்ஜின் வைத்துக் குளத்தை வற்றடித்துச் சுண்ணாம்பு போட அவசரப்படுகிறார்.

5. ஆகவே குளம் வற்றுமுன் தங்கள் துறையினர் நேரில் வந்து, நோயுற்ற மீனை உயிரோடு எடுத்துச் சோதித்து, முடிவைக் காவல் நிலையத்துக்கும் தெரிவிக்க வேண்டுகிறேன். நோய் இன்னதென்று தெரிந்தால், தீவனத்தில் சேர்க்கும் மருந்தால் திரு. ராஜதுரையின் மிச்ச மீன்களாவது பிழைக்கும்.

மடையோரம் ஒதுங்கிய மூன்று மீன்களை அவரைக் கேட்காமல் எடுத்து, என் வீட்டுத் தொட்டியில் விட்டிருக்கிறேன். அது குற்றமானால் வழக்கு என்மேல் வரட்டும். ஒன்று இன்று காலை செத்தது. மற்ற இரண்டும் உயிரோடிருக்கும்போதே வாருங்கள், ஐயா.

தங்கள் வரவை எதிர்நோக்கும்,
ஞா. தேவபிரசாதம்

இடம்: ஆலங்கிணறு
நாள்: 14-2-1977