இஸ்திரி அறையில் முக்காலி கூடாதாம்

அன்புள்ள மகனுக்கு,

இங்கே அப்பாவும் தங்கையும் நானும் சுகம், என் முழங்காலை மட்டும் கணக்கில் சேர்க்காதே. நீயும் மருமகளும் நலமாயிருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். அப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது, எனக்குத்தான் வயிறு எரிகிறது. எங்கள் சலவைக் கூட்டுறவில், இஸ்திரி அறையில் இனி முக்காலி கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார்கள், ஆஸ்பத்திரித் துணியையெல்லாம் பகல் முழுக்க நின்றே தேய்க்க வேண்டுமாம். போனில் சொன்னால் நீ விட்டுத் தள்ளும்மா என்கிறாய். எதைத் தள்ளுவது, என் இரண்டு காலையுமா?

முதலாளி கிடையாது, ஆளுக்கொரு ஓட்டு, நமக்கு நாமே போடும் சட்டம் என்று பெருமையடித்துத்தான் என்னைச் சேர்த்தார்கள். கூட்டம் வைத்தது எப்போது தெரியுமா, பாய்லர் சூடேறி எங்கள் அறையில் ஒருத்தியும் நகர முடியாத நேரத்தில். தலைவியைக் கேட்டேன், மைக் கிடைத்தால் விடமாட்டாள், அவளுக்கு மைக்கம்மா என்றே பெயர். எல்லாரும் கை தூக்கிப் போட்டதுதானேக்கா என்கிறாள். என் கை அப்ப இஸ்திரிப் பெட்டியில இருந்துச்சுடி என்றேன். உட்கார்ந்து துணி மடிக்கிறவர்கள் கை தூக்கி எங்களை நிற்க வைத்தால் ஆயிற்றா, தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும். முக்காலியை இழுத்துப் போட்டு அவள் கண்முன்னாலேயே உட்கார்ந்தேன். வேலையை விட்டு நிறுத்துவேன் என்றாள். எங்கள் அறைப் பெண்கள் அத்தனை பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். துணி மலையாய்க் குவிந்ததும் வேறு வழியில்லாமல் பாய்லரை அணைத்து, எங்கள் அறையிலேயே மறுபடி கூட்டம் வைத்தார்கள்.

அங்கேதான் வண்டி தள்ளும் அண்ணன் செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டினார். ஈரத்துணி வண்டி முக்காலியில் இடித்துக் கவிழ்ந்து விரல் நசுங்கியிருக்கிறது. ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று அவரையும் திட்டினேன். கூட்டத்துலதாம்மா சொன்னேன், உங்க அறையிலருந்து யாரும் வரலியே என்றார். முக்காலியைச் சுவரோரமாகப் போட்டுக்கொள்கிறோம் என்றேன், அப்போதும் வண்டிக்கு வழி போதாது என்றார்கள். கை தூக்கினோம். மூன்று கை குறைந்து தோற்றோம்.

இப்போது நின்றுதான் தேய்க்கிறேன். இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று அப்பா சிரிக்கிறார். அவருக்கு என்ன தெரியும். அன்றைக்கு அது அவர்கள் போட்ட சட்டம், அதனால் உட்கார்ந்தேன். இன்றைக்கு என் கையையும் எண்ணித்தான் போட்டார்கள், அதனால் நிற்கிறேன். கோபம் ஆறிவிட்டதென்று நினைக்காதே, அடுத்த கூட்டமும் பாய்லரை அணைத்துவிட்டுத்தான் என்று எல்லோர் முன்னாலும் மைக்கம்மாவைச் சொல்ல வைத்துவிட்டேன்.

உன் குடியிருப்பில் கூட்டம் நடந்தால் தூங்கிவிடுவேன் என்றாயே, எழுந்து போ. பிறகு தண்ணீரை நிறுத்திவிட்டார்கள் என்று என்னிடம் புலம்பினால் கேட்க மாட்டேன். இருவரும் நோய்நொடியில்லாமல் நூறு வயது இருங்கள். முழங்காலுக்குத் தைலம் அனுப்பு, பெரிய பாட்டிலாகப் பார்த்து. அடுத்த கூட்டம் வரை நிற்க வேண்டுமே.

கால் கடுக்க,
உன் அம்மா