என் பெயரை மறைக்க வந்த சொல்லும் அண்ணிக்கு வந்த நோட்டீஸும்

அனுப்புநர்:
வழக்கில் புகார் கொடுத்த பெண்,
இஸ்திரிப் பிரிவு, ஆயத்த ஆடைத் தொழிற்சாலை.

பெறுநர்:
முதன்மை நீதிபதி அவர்கள்,
அமர்வு நீதிமன்றம்.

பொருள்: என் அண்ணி மீதான ஆள்மாறாட்ட நடவடிக்கையைக் கைவிடவும், என்னை வேறு விதமாக அழைக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் மேலாளர் சரக்கறைக் கதவைத் தாழிட்டுவிட்டு என்னிடம் நடந்துகொண்ட விதம் பற்றிய வழக்கு தங்கள் முன் உள்ளது. என் பெயர் வெளியே தெரியக்கூடாது என்பதற்காக என்னை 'பிராசிக்யூட்ரிக்ஸ்' என்று குறிக்கிறார்கள். லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த பழைய சொல், புகார் கொடுத்தவள் என்று அர்த்தம் என அரசு வழக்கறிஞர் அம்மா விளக்கினார். நல்ல எண்ணத்தில் செய்ததுதான், குறை சொல்லவில்லை.

2. ஆனால் வழக்குக்கு ஆள் அழைக்கும் டவாலி அதை வராந்தா முழுக்கக் கேட்கும்படி கூவுகிறார். எழுந்திருப்பவள் யார் என்று எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். மேலாளரின் ஆட்கள் அந்தச் சொல்லின் வாலை மட்டும் வெட்டித் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். "ட்ரிக்ஸ் வந்தாச்சு, தள்ளியே நில்லுங்கப்பா" என்று என் மேசை வரை சிரிப்பு வருகிறது. வேலையை விட்டால், பொய் சொல்லிவிட்டு ஓடிவிட்டாள் என்பார்கள். அதனால் விடவும் வழியில்லை.

3. சென்ற வாய்தாவில் டவாலி கூவியபோது எனக்குக் கால் எழவில்லை. பக்கத்தில் என் கையைப் பிடித்திருந்த அண்ணி, "நீ உக்காரு, நான் போறேன்" என்று உள்ளே போய்விட்டார். "நீதானா?" என்று அங்கிருந்த எழுத்தர் கேட்டதற்கு, "ஆமாங்க, நான்தான்" என்றிருக்கிறார். அரசு வழக்கறிஞர் அம்மா இன்னும் வந்திருக்கவில்லை; எதிர்த்தரப்பு வக்கீல் சொல்லும்வரை அங்கே யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதற்குத்தான் ஆள்மாறாட்டம் என்று அண்ணிக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. அண்ணி நீதிமன்றத்தை ஏமாற்ற நினைத்தவர் அல்ல. அத்தனை கண்களையும் எனக்குப் பதிலாகத் தான் வாங்கிக்கொள்ள நினைத்தார்.

4. நான் புகாரை வாபஸ் வாங்கினால் அண்ணி விஷயத்தைப் பெரிதாக்க மாட்டோம் என்று மேலாளர் ஆள் அனுப்பியிருக்கிறார். அண்ணியோ, "நீ வாபஸ் வாங்கினே, அப்புறம் என் மூஞ்சிலயே முழிக்காதே" என்கிறார். வாங்கினால் அண்ணி எனக்கு இல்லை. வாங்காவிட்டால் அவர் கூண்டில் நிற்பார்.

எழாமல் போனது என் கால், ஐயா. அதற்குத் தண்டனை உண்டென்றால் எனக்கே கொடுங்கள், அண்ணியை விட்டுவிடுங்கள். இனி வழக்கு எண்ணைச் சொல்லி அழைக்க உத்தரவிட வேண்டுகிறேன். அதற்கு விதி இடம் தராவிட்டாலும், அடுத்த வாய்தாவில் எப்படிக் கூவினாலும் நானே எழுந்து வருவேன். நான் பேசி முடிக்கும்வரை, என் கண்ணில் படும் இடத்தில் அண்ணி உட்கார்ந்திருக்க மட்டும் அனுமதி தாருங்கள்.

இடம்: நீதிமன்ற வளாகம்
நாள்: வாய்தாவுக்கு முந்தைய திங்கட்கிழமை

பணிவுடன்,
(ஒப்பம்)