நாலாவது கேள்வியில் இருபத்தாறு நிமிடம்

ஜோகுபாளையம், பெங்களூரு
புதன்கிழமை காலை

அன்புள்ள தம்பி யூஜினுக்கு,

அக்கா ஜோவிதா எழுதுகிறேன். நீயும் சோஃபியாவும் ஹுப்பள்ளியில் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். எட்டு நாளாக நீ என் ஃபோனை எடுக்கவில்லை, அதனால்தான் இந்த மெயில். உன் மொபைலில் இருக்கும் மெஷின்காரி இதை உனக்கு வாசித்துக் காட்டுவாள். தமிழைக் கடித்துத் துப்புவாள், பொறுத்துக்கொள். வாய்ஸ் மெசேஜ் போடலாம் என்று மூன்று தடவை ஆரம்பித்தேன். மூன்று தடவையும் பாதியில் அழித்துவிட்டேன்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் அத்தான் கிளிஃபர்டுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. டாக்டரிடம் போகலாம் என்றால் நடக்க முடியவில்லை என்பார், பிரியாணிக்கு என்றால் சிவாஜிநகர் வரைக்கும் நடப்பார். மழை வந்து நம் தெருவில் மறுபடி குழி விழுந்திருக்கிறது. வேறு விசேஷம் இல்லை.

எனக்குத்தான் சரியில்லை. வியாதி ஒன்றும் இல்லை, பயம். நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. ஆபீஸில் லிஃப்டுக்குள் டைரக்டர் நிற்பதைப் பார்த்தால், ஏதோ மறந்துவிட்டது போல நடித்துவிட்டு ஆறு மாடியும் படியில் ஏறுகிறேன். நாளை பதினொன்றரை மணிக்கு ஒரு மீட்டிங். அதற்குள் நீ இதை முழுசாகக் கேட்டாக வேண்டும். கோபம் வந்தால் வரட்டும், பாதியில் மட்டும் நிறுத்திவிடாதே.

என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். பேராசிரியர்கள் எழுதித் தருவதை ஆன்லைன் பாடமாகவும் பரீட்சையாகவும் கட்டித் தருகிற வேலை. அதைக் கட்டுவதற்கென்று எங்களிடம் பழைய மென்பொருள் ஒன்று இருக்கிறது. பார்க்க ரேஷன் கார்டு மாதிரி இருக்கும். எழுத்து, கேள்வி, நாலு விடை, அவ்வளவுதான். இதை மாற்றியே ஆகவேண்டும் என்று எங்கள் டைரக்டர் சுப்ரமணியன் சார் ஒன்றரை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எதை வாங்கலாம் என்று பார்த்து அறிக்கை கொடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. பெருமையாகத்தான் வாங்கிக்கொண்டேன். இருபது வருஷத்தில் முதல் தடவையாக என் கையெழுத்துக்கு ஒரு மதிப்பு வந்தது என்று உன்னிடம்கூடப் பீற்றிக்கொண்டேனே, ஞாபகம் இருக்கிறதா?

புதியதாக ஒன்றைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. பக்கம் திரும்பும், படம் அசையும், மாணவர்கள் விடையை விரலால் இழுத்துக் கட்டத்துக்குள் போடலாம். நூறு மார்க்குக்கு ஒரு தாள் வைத்து மதிப்பிட்டேன். அதில் ஒரு வரி, பார்வையற்றவர்களும் பயன்படுத்த முடியுமா என்பது. அதற்கு ஐந்து மார்க். அந்தக் கம்பெனியிலிருந்து பரத் என்று ஒரு பையன் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, திரையை வாசிக்கும் அந்த மெஷினைப் போட்டுக் காட்டினான். ஹெட்ஃபோனில் தலைப்பு வந்தது, பத்தி வந்தது. பாத்தீங்களா மேடம், எல்லாமே ரீட் ஆகுது என்றான். பாவம், அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கும் அவ்வளவுதான் தெரியும். நான் ஐந்துக்கு ஐந்து போட்டேன்.

யூஜின், நான் அதைக் கண்ணைத் திறந்துகொண்டு சோதித்தேன். காதில் ஹெட்ஃபோன், கையில் மவுஸ், கண் திரைமேல். ஒரு கேள்விகூடத் திறந்து பார்க்கவில்லை. பார்வை இல்லாத தம்பி ஒருவனை வைத்துக்கொண்டு, உலகத்திலேயே நான் செய்திருக்கக் கூடாத தப்பு இது.

முழுசாக வாங்குவதற்கு முன்னால் ஒரு வகுப்புக்கு மட்டும் புதியதில் செய்து பார்க்கலாம் என்று முடிவானது. அது உன் எம்.பி.ஏ. வகுப்பு. முதல் பரீட்சையை நானே கட்டினேன். நாலாவது கேள்வியில் ஆறு அட்டைகள், மூன்று பெட்டிகள். எந்த அட்டை எந்தப் பெட்டிக்கு என்று இழுத்துப் போட வேண்டும். அதைப் பார்த்துவிட்டு சுப்ரமணியன் சார் எல்லார் முன்னாலும் கை தட்டினார்.

நீ அந்தப் பரீட்சையில் நாற்பதுக்கு ஆறு வாங்கினாய். அப்புறம் உன் மெசேஜ் வந்தது. படிப்பு எனக்கு வராதுக்கா, மண்டையில ஏறல, ஆபீசர் ஆகறதெல்லாம் நமக்கு எதுக்கு, உட்டுடு என்றாய். லேப்டாப்பைத் தூக்கி பீரோமேல் வைத்துவிட்டாய் என்று சோஃபியா சொன்னாள். பேங்கில் பிரமோஷனுக்கு இது உதவும், எங்கள் யுனிவர்சிட்டியிலேயே சேர், நான் இருக்கிறேன் என்று உன்னை இழுத்து வந்தவள் நான். எனக்கு மனசு ஆறவில்லை. யார் எந்தக் கேள்வியில் எத்தனை நிமிடம் இருந்தார்கள் என்ற பதிவு எங்களிடம் இருக்கும். போன வெள்ளிக்கிழமை உன் பெயரைப் போட்டுப் பார்த்தேன்.

முதல் மூன்று கேள்வி, நாலு நிமிடம். மூன்றும் சரி. நாலாவது கேள்வியில் இருபத்தாறு நிமிடம். அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை, நேரம் முடிந்து தானாக மூடிக்கொண்டது. உன் கைக்கு எட்டிய ஒரு கேள்வியைக்கூட நீ தப்பாகச் செய்யவில்லையடா. நாலாவதைத் தாண்டி உன்னைப் போக விடவில்லை, அவ்வளவுதான்.

சனிக்கிழமை மத்தியானம் கிளிஃபர்ட் கடைக்குப் போன நேரத்தில் துப்பட்டாவால் கண்ணைக் கட்டிக்கொண்டு அதே பரீட்சைக்கு நான் உட்கார்ந்தேன். மவுஸைத் தொடவில்லை. முதல் மூன்று வந்தது. நாலாவதில் மெஷின்காரி பட்டன், பட்டன், இமேஜ் செவன்டீன், பட்டன் என்றாள். எந்தப் பட்டன், எதன் இமேஜ்? ஒன்றும் சொல்லவில்லை. முன்னால் போனால் பட்டன், பின்னால் வந்தால் பட்டன். அடுத்த கேள்விக்குப் போகும் வழியே கிடைக்கவில்லை. நடுநடுவே இன்னும் இத்தனை நிமிடம் என்று எண்ணிக்கொண்டே இருந்தாள். ஐயோ, அந்தக் குரல்! உள்ளங்கை வேர்த்து கீபோர்டே ஈரமாகிவிட்டது. கேள்வியையும் விடையையும் அதில் கட்டியவள் நான், எனக்கே அழுகை வந்தது. ஒன்பதாவது நிமிடம் துணியைப் பிய்த்து எறிந்துவிட்டேன். நீ இருபத்தாறு நிமிடம் அதற்குள்ளேயே இருந்தாய்.

அப்புறம் இன்னொன்று பார்த்தேன், அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. உன் வகுப்பில் உன்னைப் போலவே பார்வை இல்லை என்று பதிவு செய்தவர்கள் பதினோரு பேர். அந்தப் பரீட்சைக்குப் பிறகு ஏழு பேர் உள்ளேயே வரவில்லை. ஒருத்தராவது புகார் எழுதியிருக்க வேண்டாமா? ஒரு வரி இல்லை. எல்லாரும் உன்னை மாதிரியே, தப்பு தன் மண்டையில்தான் என்று நினைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள்.

திங்கட்கிழமை சுப்ரமணியன் சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. சும்மா எதுக்கு டென்ஷன் ஆகறீங்க ஜோவிதா, ஒரு கம்ப்ளைன்ட்கூட வரலியே, வாங்கினதுக்கு அப்புறம் சரி பண்ணிக்கலாம் என்றார். பிறகு என் அறிக்கையைத் திருப்பி என் பக்கம் வைத்து, ஐந்துக்கு ஐந்து என்ற இடத்தில் பேனாவால் ஒரு தட்டுத் தட்டினார். நீங்க போட்ட மார்க்தானே என்றார். நாளைக்கு கமிட்டி ஒத்துக்கொண்டால் மூன்று வருஷத்துக்கு ஒப்பந்தம், அறுபது பாடமும் புதியதுக்கு மாறிவிடும். நான் எழுந்து என் மார்க் தப்பு என்று சொன்னால், ஜூனில் என் வேலையைப் புதுப்பிப்பார்களா என்று தெரியாது. கிளிஃபர்ட் வாயைத் திறக்காதே என்கிறார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அவருக்கும் பயம்.

நேற்று மெட்ரோவில் இந்திராநகரில் கண்ணை மூடிக்கொண்டேன், எத்தனை ஸ்டேஷன் தாங்குவேன் என்று பார்க்க. அடுத்தது எது, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று எல்லாம் சொல்லிக்கொண்டே வந்தது. ஒரு ரயிலுக்கு இருக்கிற அக்கறை எனக்கு இல்லாமல் போய்விட்டதே என்று பையப்பனஹள்ளியில் கண்ணைத் திறந்துவிட்டேன்.

இதையும் எழுதிவிடுகிறேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், அல்சூர் ஏரிப் பக்கம் பைக்கில் வரும்போது பக்கத்தில் வந்த ஆட்டோ தெரியவில்லை என்றும், விளக்கைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தெரிகிறது என்றும் என்னிடம்தான் முதலில் சொன்னாய். தூக்கம் பத்தவில்லை, மொபைலைக் குறை என்றேன். ஏழு மாசம் கழித்துத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம், அதற்குள் கைமீறிப் போயிருந்தது. அதை நீ ஒருநாள்கூடச் சொல்லிக்காட்டியதில்லை. ஒரு தடவையாவது என்னைத் திட்டியிருக்கலாம், யூஜின்.

இப்போது நான் கேட்பது இதுதான். பரீட்சையை உனக்கு மறுபடி திறந்து வைத்திருக்கிறேன், மார்க் எதிலும் சேராது. நாளை மீட்டிங்கில் என் முறை வந்ததும் உனக்கு ஃபோன் செய்து ஸ்பீக்கரில் போடுவேன். நீ லேப்டாப்பில் நாலாவது கேள்விக்குப் போ. ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். மெஷின்காரி பேசட்டும், அவர்கள் உட்கார்ந்து கேட்கட்டும். என் மார்க் தப்பு என்பதை அதற்கு முன்னாலேயே நான் சொல்லியிருப்பேன். 

உனக்கு மனசு வராவிட்டால், துப்பட்டா பையில் இருக்கிறது. அவர்கள் முன்னால் கண்ணைக் கட்டிக்கொண்டு நானே உட்காருவேன். ஆனால் தம்பி, நான் நினைத்த நிமிடம் அதை அவிழ்த்துவிடலாம். அது அவர்களுக்கும் தெரியும். அதனால்தான் உன்னைக் கேட்கிறேன்.

மாதா உன்னையும் சோஃபியாவையும் கைவிடாமல் பார்த்துக்கொள்ளட்டும். லேப்டாப்பை பீரோமேலிருந்து இறக்கி இன்றைக்கே சார்ஜில் போடு. பதினொன்றரைக்கு மேல் எந்த நிமிடமும் மணி அடிக்கும். எடுடா.

உன் அக்கா,
ஜோவிதா