தஞ்சோங் ரம்புத்தான் பஸ்

அன்புள்ள அக்காவுக்கு,

மாரியம்மா புண்ணியத்துல நல்லா இருக்கேன். உன் மக நிச்சயத்துல மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என் மாத்திரையைப் பத்திக் கேட்டா சுகர் மருந்துன்னு சொல்லச் சொன்ன. மாட்டேன்லா. அப்புறம் உன் பாயசத்தை எனக்கு யாரு குடுப்பா?

அடுப்பைப் பத்த வச்சிட்டு மறக்குறது பைத்தியம் இல்லையாம், டாக்டர் சொன்னாரு. சின்னதுலேருந்தே கவனம் ஒரு இடத்துல நிக்காத கோளாறாம். மாத்திரை போட்ட பிறகுதான் பூஜை முடியறவரைக்கும் கோயில்ல உக்காந்தேன்.

தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறுனாலே பைத்தியம்னு சிரிப்பாங்கன்னு பயப்படுற. சிரிக்கட்டும்.

நேத்து கல்யாணப் பொண்ணு, உன் மக துளசி, போன்ல அழுதா. "சித்தி, எனக்கும் அப்படியேதான் இருக்கு. வேலையில தினம் ஏச்சு. அந்த பஸ்ஸு எங்க ஏறணும்?"

நீ நிச்சயத்துக்குக் கூப்பிடாட்டியும் சரி, திங்கக்கிழமை நானே அவளைக் கூட்டிட்டுப் போறேன்.

இப்படிக்கு,
உன் தங்கச்சி