சாமி அறையில் இருந்த சுத்தியல்

கிணத்துக்கடவு
அக்டோபர் 18

அன்புள்ள பிரவீனா,

இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அந்தக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். வாட்ஸப்பில் சொன்னால் கட்டைவிரல் படத்தோடு முடித்துவிடுவாய், அதனால்தான் காகிதம்.

மரம் அறுக்கும் நம் சா மில்லுக்கு நூறு வருடம் என்று அப்பா விழா எடுக்கக் கிளம்பினார். மில்லையும் சுற்றியிருக்கும், மில் ஆட்களுக்கான நாற்பது லைன் வீடுகளையும் உன் கொள்ளுத் தாத்தா குமாரசாமிதான் உண்டாக்கினார் என்று கல்வெட்டுக்கும் சொல்லியாயிற்று. கல்லூரியில் வரலாறு நடத்துகிறவள் வீட்டிலேயே இருக்க வெளி ஆள் எதற்கு என்று விழா மலருக்குக் கட்டுரை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. எனக்கோ முதலிலிருந்தே சந்தேகம். குமாரசாமி கட்டிய லைனுக்கு நடுவில், மில்லின் தேக்குத் தூண்களோடு ஒரு சின்னப் பள்ளிவாசல் எப்படி வந்தது? கேட்டால், "அந்தக் காலத்துல மனுசங்களுக்குப் பெரிய மனசு" என்றார் அப்பா.

ஆயுத பூசைக்கு முந்தின நாள் சாமி அறையிலிருந்து முத்திரைச் சுத்தியலை எடுத்தேன். காட்டிலிருந்து வரும் மரத்தில் இன்னாருடையது என்று எழுத்துப் பதிய அடிப்பார்களே, அதுதான். வருடா வருடம் சந்தனத்தின் மேல் சந்தனம் அப்பி முகமே மூடியிருந்தது, கழுவினால் தொழில் போய்விடும் என்று யாரும் தொட்டதில்லை. நான் வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டி, சப்பாத்தி மாவில் ஓர் அழுத்து அழுத்தினேன். ஆங்கிலத்தில் ஏ.எச். என்று விழுந்தது. குமாரசாமியை எப்படித் திருப்பினாலும் ஏ.எச். வராது. பத்திரப் பெட்டியைத் துழாவியதில் மீதியும் கிடைத்தது: மில்லையும் லைனையும் தொடங்கியவர் கோட்டைமேட்டு மரவியாபாரி அமீர் ஹம்சா. உன் கொள்ளுத் தாத்தா அவரிடம் மேஸ்திரி, இருபது வருடம் கழித்து மில்லை வாங்கியவர்.

அதை அப்படியே கட்டுரையில் எழுதிக் காட்டினேன். "எங்க தாத்தன் பேரைக் கழுவறதுக்குத்தான் எம்.ஏ. படிச்சியா?" என்றார் அப்பா. வேண்டாததை வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் அடியில் என் பெயர் வேண்டாம் என்றேன். இரண்டு நாள் வீட்டில் வெறும் தயிர்சோறுதான். மூன்றாம் நாள் சுத்தியலைத் துண்டில் சுற்றிக்கொண்டு, ஹம்சாவின் பேரன் அப்துல் வஹீதின் கடைக்குக் கிளம்பிவிட்டார். வழியில் மனது மாறிவிடக்கூடாதே என்று நானும் காரில் ஏறிக்கொண்டேன். வஹீது பாய் சுத்தியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஏனுங்க மோகன்குமாரு, எங்க பாட்டனார் சுத்தியலுக்கு இத்தனை வருசமாப் பூசை போட்டிருக்கீங்களே! எங்க கடைல கெடந்திருந்தா எப்பவோ பழைய இரும்புக்குப் போயிருக்குமுங்க. நீங்களே வெச்சுக்கோங்க" என்றார். அப்பாவும் சிரித்துவிட்டார்.

கல்வெட்டுக்காரர் பழைய கல்லில் இடமில்லை என்றதும் அப்பா புதுக் கல்லுக்குச் சொல்லியிருக்கிறார். ஞாயிறன்று வஹீது பாய்தான் திறக்கிறார். மேலே அமீர் ஹம்சா, கீழே குமாரசாமி. அவர் பெயரோடு என்ன போடுவது என்று கல்வெட்டுக்காரர் கேட்டார். அப்பாவே ஃபோனில், "மேஸ்திரின்னே வெட்டுங்க. ஒழைச்சு மேல வந்தவருன்னு தெரியட்டும்" என்றார்.

நீயும் உன் ஆபீஸ் இணையப் பக்கத்தில் உன்னைப் பற்றி 'ஊரை உருவாக்கிய பரம்பரை' என்று போட்டிருப்பதை இந்தக் கடிதம் கிடைத்ததும் திருத்திவிடு கண்ணு. எங்கே இருந்தாலும் குறையொன்றும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா,
மோகனப்பிரியா