தையலுக்கு விட்ட நாலு இஞ்ச்

என் அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கிறது. இங்க நாங்க எல்லாரும் சுகம், உங்கப்பாவோட முழங்காலும் என்னோட வாயும் வழக்கம்போல. நீ சுகமா இருக்கேன்னு போன்ல சொல்றப்பவே ஒரு தடவை இருமினே, கேட்காத மாதிரி இருந்துக்கிட்டேன், ஆனா கேட்டுச்சு, சுடுதண்ணி குடி. போன்லயே சொல்லிடலாமே, எதுக்கு இந்தக் கடுதாசின்னு நினைப்பே. போன்ல சொன்னா நீ நடுவுல நடுவுல சரிம்மா சரிம்மான்னு சொல்லுவே, எனக்குக் கோபம் வரும், பாதியில வச்சிடுவேன். இது அப்படிப் பாதியில வைக்கிற விஷயம் இல்லை. வண்டி ஓடிடுச்சுடி! பின்பக்க ஷெட்டுல ஏழு மாசமா நானும் உங்கப்பாவும் கட்டின பெல்ட் வண்டி, புல்டோசருக்கு இருக்குமே அந்த மாதிரி, மூணு கிலோமீட்டர் சேத்துல போய் உன் சித்தியை ஏத்திக்கிட்டு அதே சேத்துல திரும்பி வந்துச்சு.

போன மழைக்கு நடந்தது உனக்கு முழுசாத் தெரியாது. நீ அங்க உட்கார்ந்து அழுவேன்னு பாதியை மறைச்சுட்டோம், இப்ப சொன்னா தப்பில்லை. சித்திக்கு வாரத்துல ரெண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், டயாலிசிஸ். அவ வீட்டுக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவுல இருக்கிற பள்ளத்து நிலம் உனக்குத் தெரியும், மழை விழுந்தா மூணு மாசத்துக்கு ஒரே சேறு. படகு விடலாம்னா தண்ணி பத்தாது, டிராக்டர் விடலாம்னா தண்ணி ஜாஸ்தி, நடக்கலாம்னா தொடை வரைக்கும் உள்ள இழுக்கும். போன வருஷம் அவளால தொடர்ந்து ரெண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போக முடியலை. மூணாவது தடவைக்குள்ள காலும் முகமும் வீங்கி, மூச்சு விட முடியாம, நாலு பேர் வீட்டுக் கதவைக் கழட்டி அதுல படுக்க வச்சு அவளைத் தூக்கிட்டு வந்தாங்க. டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா எங்க கையில ஒண்ணும் இல்லைம்மான்னு சொல்லிட்டாரு. நீ சொன்ன மாதிரியே டவுன்ல ரூம் எடுத்துத் தரேன், மழை முடியுற வரைக்கும் இருடின்னு அவகிட்ட கெஞ்சினேன், அப்புறம் கத்தினேன். முந்நூறு வாத்தை யாரு பார்ப்பா, ரூமுக்குக் கூட்டிட்டு வரவான்னு கேட்டா. இந்தப் பிடிவாதம் இவளுக்கு எங்கேருந்துதான் வந்துச்சோன்னு உங்கப்பாகிட்ட சொன்னேன், அவர் என்னை ஒரு பார்வை பார்த்துட்டு ஊசியில நூல் கோர்க்கப் போயிட்டாரு.

சரி, அவ வரமாட்டா, அப்ப வண்டி அவகிட்ட போகட்டும்னு முடிவு பண்ணினேன். முப்பத்தோரு வருஷம் பஸ் டிப்போவுல ஸ்பேனர் பிடிச்சவ நான், ரிடையர் ஆனதும் உட்கார்ந்து டிவி பார்க்கவா போறேன்? பழைய இரும்புக் கடையில ஒரு நசுங்கின வேன் கிடைச்சது, மேல்கூடுதான் நசுங்கியிருந்துச்சு, இன்ஜினும் கியர்பாக்ஸும் பின்பக்க ஆக்ஸிலும் தங்கம். ஸ்டியரிங்கே வைக்கலை, ரெண்டு லீவர்தான். இடது லீவரை இழுத்தா இடதுபக்க பெல்ட் நின்னுடும், வலதுபக்கம் ஓடும், வண்டி இடதுபக்கம் திரும்பும், அவ்வளவுதான் வித்தை. பக்கத்துக்கு அஞ்சு கார் டயர், அதைச் சுத்தி கல்குவாரியில ஜல்லி ஏத்துற தடி ரப்பர் பெல்ட், அதுமேல குறுக்கே நாலு இஞ்சுக்கு ஒரு இரும்புப் பட்டை. பக்கத்து வீட்டு வாத்தியார் இருக்காரே, நாம சந்தேகம்னு பேர் வச்சோமே அவர்தான், தினமும் காலையில காம்பவுண்டு சுவர்ல தாடையை வச்சுக்கிட்டு ஒரு சந்தேகம் கேட்பாரு. இது நகருமாம்மான்னு ஒரு நாள், நகர்ந்தா நிக்குமாம்மான்னு மறுநாள். அவருக்குப் பதில் சொல்லிச் சொல்லியே எனக்குப் பாதி டிசைன் புரிஞ்சிடுச்சு, அந்த வகையில நல்ல மனுஷன்.

இப்பதான் உங்கப்பா கதை வருது, நல்லாக் கேட்டுக்கோ. தையல்காரர்தானே, வண்டிக்கு சீட்டு தைக்கிறதோட அவர் வேலை முடிஞ்சுதுன்னுதான் இருந்தேன். ஆனா நாள் போதலை, ரெண்டு பக்கத்துக்கும் பெல்ட் வெட்டணும், ஓட்டை போடணும், நூத்துச் சொச்சம் பட்டையை போல்ட் போட்டு முறுக்கணும். சரி, வலதுபக்கம் நான் பண்றேன், இடதுபக்கம் நீங்க பண்ணுங்கன்னு அளவைத் துண்டுப் பேப்பர்ல எழுதிக் கொடுத்தேன். மனுஷன் சாக்பீஸை எடுத்து ரப்பர்ல கோடு போட்ட அழகைப் பார்க்கணுமே, கோட்டுத் துணி கெட்டுது போ. பட்டன் ஓட்டை மாதிரி ஒவ்வொரு ஓட்டையும் ஒரே நேர்ல. எல்லாம் முடிச்சு வண்டியில மாட்டினா, என்னோடது ஐம்பத்திரெண்டு பட்டை, அவரோடது ஐம்பத்திமூணு! ஏங்க, நான் எழுதின அளவு என்ன, நீங்க வெட்டினது என்னன்னு கேட்டேன். கொஞ்சமும் அசராம, தையலுக்கு நாலு இஞ்ச் விட்டிருக்கேன், யாருக்கு வெட்டினாலும் உள்ள விட்டுத்தான் வெட்டுவேன், நாளைக்கு உடம்பு போட்டா பிரிச்சு விட்டுக்கலாம்லன்னு சொல்றாரு. ரப்பருக்கு எங்கேருந்துங்க உடம்பு போடும்னு நான் போட்ட சத்தத்துல சந்தேகம் சுவர்லேருந்து தாடையை எடுத்துட்டாரு. அன்னைக்கு நான் பேசினது கொஞ்சம் அதிகம்தான், ஒத்துக்கிறேன். டிப்போவுல ஒரு பய இப்படிப் பண்ணியிருந்தா வெளியே அனுப்பியிருப்பேன்னு வரைக்கும் சொல்லிட்டேன். அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டு உள்ள போயிட்டாரு. மறுபடி வெட்ட நேரம் இல்லை, முன்டயரை ஸ்க்ரூ வச்சு முடிஞ்ச மட்டும் முன்னால தள்ளி அந்த இடதுபக்கத்தை ஒருவழியா இழுத்துக் கட்டினேன். அப்படியும் மேல்பக்கம் லேசாத் தொங்கிக்கிட்டே இருந்துச்சு. என்னோட வலதுபக்கம் தட்டினா மத்தளம் மாதிரி டங்குன்னு கேட்கும், அவ்வளவு கச்சிதம், எனக்கு ஒரே பெருமை.

சோதனை ஓட்டத்துக்காகப் பின்னால இருக்கிற காலி மனையில ரெண்டு நாள் பம்பு போட்டுத் தண்ணி விட்டுச் சேறாக்கினோம். என்னம்மா விதைக்கப் போறீங்கன்னு சந்தேகம் கேட்டாரு. புதன்கிழமை காலையில ஸ்டார்ட் பண்ணி இறங்கினேன். பத்தடி, இருபதடி, வண்டி மிதந்துக்கிட்டே போகுதுடி, கத்தணும் போல இருந்துச்சு. அறுபதடி தாண்டினதும் படார்னு ஒரு சத்தம், வண்டி ஒருபக்கமாத் திரும்பி நின்னுடுச்சு. அறுந்தது எது? அவரோட தொங்கல் பெல்ட்டு இல்லை, என்னோட கச்சிதமான பெல்ட்டு. ஜாயிண்ட் போட்ட இடத்துல குறுக்கே கிழிஞ்சு சேத்துல கிடக்குது, என் முகத்துல ஈயாடலை. உங்கப்பா வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு முழங்கால் வலியோட சேத்துல இறங்கி வந்தாரு. கிழிஞ்ச விளிம்பை விரலால தடவிப் பார்த்துட்டு, கக்கத்துல பிடிச்ச சட்டை மாதிரி கிழிஞ்சிருக்கு, பிடிப்புதான் காரணம்னு மெல்லச் சொன்னாரு. அப்பதான் டயரைப் பார்த்தேன். டயருக்கும் பெல்ட்டுக்கும் நடுவுல சேறு அப்பி அப்பி, ஒவ்வொரு டயரும் ரெண்டு விரல் கனம் பெருத்துப் போயிருக்கு. உடம்பு போட்டிருக்குடி! ரப்பருக்கு இல்லை, டயருக்கு. அவர் விட்ட அந்த நாலு இஞ்ச் இடதுபக்கம் வந்த சேத்தையெல்லாம் வாங்கிக்கிட்டு சும்மா சுத்தியிருக்கு. முப்பத்தோரு வருஷம் தார் ரோட்டுல ஓடுற வண்டியையே பார்த்த எனக்கு இது தோணலை, மனுஷ உடம்பை அளந்தவருக்குத் தோணியிருக்கு. ரெண்டு நாள் அவர் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வெட்கமா இருந்துச்சு. மூணாவது நாள் சாக்பீஸை அவர் கையில கொடுத்து, வலதுபக்கத்துக்கும் நீங்களே வெட்டுங்கன்னு சொன்னேன். என் ஜென்மத்துல நான் கேட்ட மன்னிப்பு அவ்வளவுதான், அவருக்குப் புரிஞ்சிடுச்சு, எத்தனை இஞ்ச் விடட்டும்மான்னு கிண்டலாக் கேட்டாரே பார்க்கலாம்.

அந்தச் சனிக்கிழமையே மழை பிடிச்சுக்கிச்சு, வழக்கத்தை விட ரெண்டு வாரம் முன்னாலயே. ஞாயிறு, திங்கள் விடாம ஊத்துது, நாங்க ரெண்டு பேரும் ஷெட்டை விட்டு வெளியே வரலை, சாப்பாடு கூட ஒரு கையில தட்டு ஒரு கையில ஸ்பேனர்தான். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சித்தி போன் பண்ணி பாதை மூடிடுச்சுக்கான்னு சொன்னா. குரல் சாதாரணமாத்தான் இருந்துச்சு, போனை வச்சுட்டு அடுத்த போல்ட்டை முறுக்கப் போயிட்டேன். செவ்வாய்க்கிழமை காலையில ஆறு மணிக்குக் கிளம்பிட்டோம். நான் ஓட்டுறேன், உங்கப்பா பக்கத்து சீட்டுல குடையைப் பிடிச்சுக்கிட்டு, குடை எனக்கு, நனையுறது அவர். பள்ளத்துல இறங்குறப்ப கண்ணை மூடிக்கிட்டேன்னு வச்சுக்கோ. போன வருஷம் டிராக்டர் மாட்டிக்கிட்ட இடம் வந்துச்சு, அதோட பழைய தடம் இன்னும் குழியா இருக்கு. அதுமேலயே ஏத்தினேன், வேணும்னே ஏத்தினேன். வண்டி ஒரு தடவை முனகிட்டு அந்தப் பக்கம் ஏறி நின்னுச்சு. உங்கப்பா குடையைத் தூக்கி எறிஞ்சுட்டு, போ போ போன்னு கத்துறாரு, நாப்பது வருஷத்துல அவர் இவ்வளவு சத்தம் போட்டு நான் கேட்டதில்லை.

சித்தி வாசல்ல வாத்துக்குத் தவிடு பிசைஞ்சுக்கிட்டு நின்னா. எங்களைப் பார்த்ததும் கையில தவிடோட அப்படியே நின்னுட்டா. பையெல்லாம் ஒண்ணும் எடுத்து வைக்கலை, வருவோம்னு நம்பவே இல்லை போல. ஏய், நேரமாகுது கிளம்புன்னு நான் அதட்டினதும்தான் அழுதா, ஒரு நிமிஷம்தான், முகத்தைக் கழுவிட்டு வந்து, எதைப் பிடிச்சு இழுத்தா எந்தப்பக்கம் போகும்னு கேட்டா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இந்தத் தடவை என்னை யாரும் தூக்கிட்டுப் போக வேண்டாம், நான்தான் ஓட்டுவேன்னுட்டா. நான் பக்கத்துல உட்கார, உங்கப்பா பின்னால தொத்திக்க, அவதான் மூணு கிலோமீட்டரும் ஓட்டினா. கொஞ்ச தூரத்துக்கு வாத்து எல்லாம் எங்க பெல்ட் போட்ட தடத்துல தேங்கின தண்ணியில வரிசையா நீந்திக்கிட்டே வந்துச்சு. மெயின் ரோட்டுல சந்தேகம் மழையில குடை பிடிச்சுக்கிட்டுக் காத்திருந்தாரு, ஒரு கேள்வியும் கேட்கலை, கை தட்டினாரு.

வண்டியை மெயின் ரோட்டுப் பாலத்துக்கிட்ட நிறுத்திட்டு பஸ் பிடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போனோம், மூணு பேரும் சேத்துல முங்கி எழுந்த கோலத்துல. டயாலிசிஸ் பிரிவுல நர்ஸம்மா முன்னால ஒரு பெரிய நோட்டு, அன்னன்னைக்கு யார் யாருன்னு எழுதியிருக்கும். செவ்வாய்க்கிழமைப் பக்கத்துல சித்தி பேரை ஏற்கனவே கோடு போட்டு அடிச்சு வச்சிருந்தாங்க. அவங்க மேல தப்பில்லை, மழை பிடிச்சாலே அந்தப் பாதை மூடிடும்னு அவங்களுக்குத் தெரியும். நர்ஸம்மா எழுந்து நின்னு, எப்படிம்மா வந்தீங்கன்னு வாயைப் பிளந்துட்டாங்க. சித்தி நோட்டைத் தன் பக்கம் திருப்பி, பேனாவை வாங்கி, அடிச்ச பேருக்குப் பக்கத்துல தன் பேரை மறுபடி எழுதினா. அப்புறம் பக்கத்தைத் திருப்பி வெள்ளிக்கிழமையில எழுதினா. அடுத்த செவ்வாய், அடுத்த வெள்ளின்னு திருப்பித் திருப்பி எழுதிக்கிட்டே போறா. இன்னைக்கு மட்டும் எழுதினாப் போதும்மான்னு நர்ஸம்மா சொன்னாங்க. மழை முடியுற வரைக்கும் கையோட எழுதிடுறேன், எல்லா நாளும் நான் வருவேன்னு சொன்னா. நான் திரும்பி ஜன்னலைப் பார்த்துக்கிட்டேன், உங்கப்பா மறைக்கவே இல்லை, சேத்துத் துண்டாலயே கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு.

இது நடந்து நாளையோட மூணு வாரம், அதுக்கப்புறம் அஞ்சு தடவை போய் வந்துட்டா, நாளைக்கு ஆறாவது. திரும்பி வர்றப்ப அசந்து போயிருப்பா, அப்ப மட்டும் நான் ஓட்டுவேன். நேத்து முகத்துல வீக்கமே இல்லை, என்கூடச் சண்டை போடத் தெம்பும் வந்திருக்கு. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, ராத்திரி கண் முழிச்சு வேலை பார்க்காத, இருமல் நிக்கலைன்னா டாக்டரைப் பாரு, கூகுளைப் பார்க்காத. எடுத்த காரியமெல்லாம் உனக்கு நல்லபடியா முடியணும், நீ ஆயுசோட சந்தோஷமா இருக்கணும், அது ஒண்ணுதான் எங்களுக்கு வேணும். அப்பா தன்னோட ஆசீர்வாதத்தையும் தனியா எழுதச் சொன்னாரு, எழுதிட்டேன். முக்கியமானதை மறந்துடாத, சித்திகிட்டப் பேசணும்னா புதன்லேருந்து திங்கள் வரைக்கும் எப்ப வேணா கூப்பிடு, வெள்ளி மட்டும் வேண்டாம். செவ்வாயும் வெள்ளியும் அவ வீட்ல இருக்க மாட்டா.

இப்படிக்கு,
உன்னை நினைச்சுக்கிட்டே இருக்கிற அம்மா